மார்புப் பட்டைக்கு முழு மதிப்பெண், அதன் மொபைல் ஆப்புக்கு இல்லை

ஓடும்போது இதயத் துடிப்பை அளக்க மார்பில் கட்டும் பட்டையின் எலாஸ்டிக் தளர்ந்துவிட்டதால் போன வாரம் புதியது மாற்றினேன். அதைப் பார்த்த நண்பர், "வாட்சும் பட்டையும் சேர்த்தே வாங்கிடலாமா?" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் வரவில்லை. திரை, பேட்டரி, நீர்த்தடுப்பு பற்றியெல்லாம் எல்லோரும் எழுதியாயிற்று, அதை விடுகிறேன்.

பட்டையின் மேல் எந்தக் குறையும் இல்லை. வாட்ச் மட்டும் கட்டி ஓடினால், மணிக்கட்டில் பச்சை ஒளியை அடித்து ரத்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் துடிப்பைக் கணக்கிடும். கை ஆட்டத்தில் சில நேரம் காலடி வேகத்தையே துடிப்பென்று காட்டிவிடும். பட்டை இதயத்தின் மின்துடிப்பையே பிடிப்பதால், வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் எண் கூடவே வருகிறது. இத்தனை காலப் பயன்பாட்டில் அது தடுமாறி நான் பார்த்ததே அரிது.

கோபமெல்லாம் இவற்றோடு சேர்ந்து வரும் ஆப் மேல்தான். மூச்சு முட்ட ஓடி முடித்தால் "எண்டார்ஃபின் உச்சம்!" என்று கொண்டாடும், இரட்டைப் புள்ளி தரும். நிதானமாக ஓடினால் "இன்னும் முயலலாம்" என்று சொல்லும். மூச்சு முட்ட ஓடிய அதே நாள் சாயங்காலம் மன அழுத்த அளவைச் சிவப்பில் காட்டுவதும் இதே ஆப்தான். மகிழ்ச்சி தரும் வேதிப்பொருள் என்று பேர்பெற்ற எண்டார்ஃபினையோ, மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலையோ அளக்கும் கருவி எதுவும் இதற்குள் கிடையாது. துடிப்பும், துடிப்புகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி மாறுவதும் மட்டும்தான் இதற்குத் தெரியும்.

உடம்புக்குள் நடப்பது வேறு. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் ஒரே பெரிய புரதம் வெட்டுப்பட்டுத்தான் பீட்டா எண்டார்ஃபினும் வருகிறது, கார்ட்டிசாலைச் சுரக்கச் சொல்லி அட்ரினல் சுரப்பிக்கு உத்தரவு கொண்டுபோகும் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனும் வருகிறது. கடும் பயிற்சியில் ரத்தத்தில் இரண்டும் சேர்ந்தேதான் ஏறும். அந்த எண்டார்ஃபினும் ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் 30 நிமிடப் பயிற்சியை மூன்று தீவிரத்தில் செய்யவைத்தார்கள். ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் உச்சத் திறனில் 60, 80 சதவீதத்தில் கார்ட்டிசால் ஏறியது. 40 சதவீதத்தில் இறங்கியது.

மூளையையே பார்த்தவர்களும் உண்டு. ஃபின்லாந்தின் துர்க்கு நகரில், மூளைக்குள் வேதிப்பொருள்களின் நடமாட்டத்தைக் காட்டும் பெட் ஸ்கேன் வைத்து எடுத்த ஆய்வு 2018-இல் வெளியானது. விட்டு விட்டுச் செய்யும் கடும் பயிற்சியில் மூளையில் எண்டார்ஃபின் வெளிப்பட்டதன் தடயம் தெளிவாகவே தெரிந்தது. ஆனால் கலந்துகொண்டவர்களுக்குக் கூடியது எரிச்சலும் சோர்வும். அங்கே எண்டார்ஃபின் வலியைத் தாங்கத்தான் வருகிறது போலும் என்பது என் எண்ணம். அப்புறம் 2021-இல், எண்டார்ஃபின் போய் ஒட்டி வேலை செய்யும் ஏற்பிகளை மருந்தால் அடைத்துவிட்டு 45 நிமிடம் ஓடவிட்டார்கள். ஓடியபின் வரும் பரவசம் அப்போதும் வந்தது. சந்தேகம் இப்போது, உடம்பே தயாரிக்கும் கஞ்சா போன்ற வேதிப்பொருள்களான எண்டோகன்னாபினாய்டுகள் பக்கம் திரும்பியிருக்கிறது. ஓட்டத்தில் அவை கூடுவதாகக் கண்டது உச்சத் துடிப்பின் 70 முதல் 80 சதவீதம் வரையிலான மிதமான வேகத்தில். அதாவது, இந்த ஆப் புள்ளி தராமல் உதறும் அதே வேகத்தில்!

நியாயமாகவும் சொல்ல வேண்டும். கார்ட்டிசால் விஷமில்லை. ஓடும் தசைக்கு எரிபொருள் திரட்டித் தருவதில் அதற்குப் பங்கு உண்டு, ஓய்வெடுத்தால் இறங்கிவிடும். திறன் கூட அவ்வப்போது கடும் பயிற்சியும் தேவைதான். இரட்டைப் புள்ளியை அதற்கென்று கொடுத்தால் எனக்கு வழக்கே இல்லை. அதை மகிழ்ச்சி என்று பெயர் சூட்டி விற்பதுதான் பொறுக்கவில்லை. ஓடிய பின் மனம் இலேசாகும் என்று நம்பி வருகிற புதியவரை, ஒவ்வொரு நாளும் மூச்சு முட்ட ஓடவைத்து ஓட்டத்தையே வெறுக்கவைத்துவிடும்.

இந்தப் பட்டை தந்த பெரிய சந்தோஷமும் அந்த மிதமான வேகம்தான். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் எது என்பதை எண்ணாகவே காட்டிக்கொடுத்தது. ஒரு விஷயம், ஆப் உச்சத் துடிப்பை 220-இலிருந்து வயதைக் கழித்துத்தான் எடுத்துக்கொள்கிறது. அது ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் இருக்கும். அமைப்புகளில் போய் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த எண்டார்ஃபின் அறிவிப்பை நிறுத்த மட்டும் எங்கேயும் வழியில்லை.

சரி, நண்பருக்குப் பதில்: வேண்டாம், வாங்காதீர்கள். என் பட்டையை மட்டும் யாருக்கும் தரமாட்டேன்.