புதுப் பட்டை என்று பழைய இரும்பு: ஜீப் சஸ்பென்ஷன் கிட்டில் 46,500 ரூபாய் போன கதை

பழைய ஜீப்பை இரண்டு அங்குலம் உயர்த்தும் சஸ்பென்ஷன் கிட்டை இணையத்தில் வாங்கி வீட்டிலேயே மாட்ட நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வண்டி உதிரி பாகங்களை மட்டுமே விற்கும் ஓர் இணையச் சந்தையில், அங்கே நல்ல மதிப்பீடு பெற்றிருந்த ஒரு விற்பனையாளரிடம் நான் 46,500 ரூபாய் கொடுத்து வாங்கிய கிட், ஏற்காட்டு மலைப்பாதையில் என் உயிரையும் என்னோடு வந்தவர்களின் உயிரையும் எடுத்திருக்கும். அந்த ஆத்திரம் இன்னும் அடங்காத நிலையில்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கிறது. நாகலூர்ப் பக்கம் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் உண்டு. மிளகு மூட்டையோ காப்பி மூட்டையோ தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்கு வர வேண்டுமென்றால், மழைக்காலத்தில் எங்கள் மகிந்திரா எம்.எம். 540 தவிர வேறு வண்டி அந்த வழியில் ஏறாது. முன்னும் பின்னும் எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய பட்டை ஸ்பிரிங்; முன்னும் பின்னும் இடது வலது சக்கரங்களை ஒரே தண்டாக இணைக்கும் கட்டி அச்சு. அதனால் கருவிகளும் பொறுமையும் உள்ள எவரும் வீட்டு வாசலிலேயே சஸ்பென்ஷன் வேலை செய்யக்கூடிய வண்டி அது. பழைய பட்டைகள் தொய்ந்து, வண்டியின் அடிப்பகுதி பாறையில் இடிக்கத் தொடங்கியதால்தான் கிட் தேடினேன்.

சேலத்திலும் சங்ககிரியிலும் பட்டை வேலை செய்யும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. இருந்தும் நான் இணையத்தில் வாங்கியதற்குக் காரணம், அந்த விற்பனையாளர் கொடுத்த ஓர் உறுதி. பட்டையை மட்டும் உயர்த்தி, அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பரை அதற்கேற்ற நீளத்தில் போடாவிட்டால் சிக்கல்தான். ஷாக் குட்டையாக இருந்தால், பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது முழுதாக நீண்டு இழுபடும்; நீளம் கூடிப்போனால், மேட்டில் ஏறும்போது ரப்பர் தடுப்பில் அச்சு மோதுவதற்கு முன்பே ஷாக் முட்டி உள்ளே உடையும். தங்கள் கிட்டில் நான்கு பட்டைக் கட்டுகளும் நான்கு ஷாக்குகளும் ஒன்றுக்கொன்று அளவு பார்த்துச் சேர்த்தவை என்று அவர் வீடியோ அழைப்பில் டேப் வைத்து அளந்தே காட்டினார். "அண்ணா, நானும் ஜீப் ஓட்டுறவன்தான், உங்க வண்டிய என் வண்டி மாதிரி நெனச்சுத்தான் அனுப்புறேன்" என்றார். ஜிஎஸ்டி பில் கொடுத்தார், முத்திரை குத்திய ஓராண்டு வாரண்டி அட்டை கொடுத்தார். விற்பனைப் பக்கத்திலேயே, வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும் வேலையில் நாங்கள் எதையும் விட்டுவிடவில்லை. சங்ககிரியில் லாரி பட்டறை வைத்திருக்கும் என் மனைவியின் அண்ணன் கூடவே இருந்தார். சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சைத் தனியாக ஜாக்கியில் தாங்கி, துருப்பிடித்த போல்ட்டுகளை முந்தைய நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்றினோம். பட்டையை அச்சோடு பிணைக்கும் பழைய யு போல்ட்டுகளைத் திரும்பப் போடாமல் புதியவற்றையே போட்டு, நான்கு நட்டுகளையும் குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாக டார்க் ரெஞ்சில் முறுக்கினோம். பட்டையின் நுனிகளைச் சேஸிஸில் பிடிக்கும் ஷேக்கிள் போல்ட்டுகளையும் கண் போல்ட்டுகளையும் (பட்டையின் நுனியில் சுருட்டிய வளையம்தான் கண்) வண்டியைத் தரையில் இறக்கி எடை விழுந்த பிறகே கடைசியாக இறுக்கினோம். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழிந்துவிடும். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்தோம். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து யு போல்ட்டுகளை மறுபடியும் முறுக்கிச் சரிபார்த்தோம். இவ்வளவையும் எழுதுவதற்குக் காரணம், பின்னால் எங்கள் வேலையின் மீதே பழி விழுந்தது என்பதுதான்.

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. தோட்டத்தில் மூட்டை ஏற்றி, வேலைக்கு வந்திருந்த இருவரையும் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, ஒரு வளைவுக்கு முன் பிரேக் அழுத்தியதும் முன்பக்கத்தில் இரும்பு வெடித்த சத்தம் கேட்டது. ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு இடப்பக்கம் இழுத்தது. அந்த இடத்தில் இடப்பக்கம் மலைச்சரிவு இருந்ததால் மண்ணில் மோதி நின்றோம். வலப்பக்கம் இழுத்திருந்தால் தடுப்புச் சுவருக்கு அப்பால் பள்ளம்தான். இடப்பக்க முன் அடுக்கில் மேலே இருக்கும் மெயின் பட்டை கண்ணை ஒட்டி இரண்டாக உடைந்து, அச்சு பின்னால் நகர்ந்திருந்தது. ஒரு ஷாக்கில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

பட்டறையில் வைத்து மைத்துனர் உடைந்த துண்டின் பெயின்ட்டைச் சுரண்டியபோதுதான் உண்மை தெரிந்தது. பெயின்ட்டுக்கு அடியில் துரு தின்ற சிறு குழிகள். உடைந்த முகத்தில் பாதிப் பகுதி ஏற்கெனவே கறுத்துப் போயிருந்தது. அதாவது எங்கள் கைக்கு வருவதற்கு முன்பே அங்கே விரிசல் இருந்திருக்கிறது. "மாப்ள, இது புதுப் பட்டையே இல்ல. கழட்டிப் போட்ட பழைய பட்டைய அடிச்சு வளைச்சு பெயின்ட் அடிச்சிருக்கான்" என்றார். ஸ்பிரிங் எஃகை முறையாகச் சூடேற்றி, எண்ணெயில் குளிரவைத்து, மீண்டும் பதமாக்காமல் வெறுமனே வளைத்தால் அதன் வலு போய்விடும்; மேலே குழி இருந்தால் விரிசல் அங்கிருந்தே கிளம்பும். ஜீப் பட்டைகளில் வழக்கமாக இரண்டாம் பட்டையின் நுனி மெயின் பட்டையின் கண்ணைச் சுற்றி வளைந்து நிற்கும், மெயின் உடைந்தாலும் அச்சை விடாமல் பிடித்துக்கொள்ளும். இதில் அந்த வளைவையே வெட்டி எடுத்திருந்தார்கள். ஒரு மனிதன் கிரைண்டரைக் கையில் எடுத்து அந்த இடத்தை வெட்டும்போது, அது எதற்காக இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அதன் பிறகு நடந்தவை அந்த உடைப்பைவிடக் கசப்பானவை. விற்பனையாளர் முதலில் படம் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். வீடியோ கேட்டார், அதையும் அனுப்பினேன். பிறகு, "நீங்க வீட்ல மாட்டுனதால வாரண்டி செல்லாதுண்ணா" என்றார். அவர்கள் பக்கத்திலேயே போட்டிருந்த வரியைப் படமெடுத்து அனுப்பினேன். மறுநாள் பார்த்தால் அந்த வரி பக்கத்திலிருந்து காணாமல் போயிருந்தது. அதோடு நிற்காமல், வண்டியை உயர்த்துவதே சட்டப்படி தவறு, புகார் கொடுத்தால் உங்களுக்குத்தான் சிக்கல் என்று மிரட்டினார். விற்கும்போது தெரியாத சட்டம் பணத்தைத் திருப்பிக் கேட்கும்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பிறகு என் எண்ணை முடக்கிவிட்டார். இணையச் சந்தையிடம் போனால், திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்று ஒரே பதிலை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். கடைசியில் 2,000 ரூபாய்க்குக் கூப்பன் தருவதாகவும் புகாரை முடித்துக்கொள்வதாகவும் ஒரு செய்தி வந்தது. 46,500 ரூபாய் கொடுத்தவனுக்கு, அதே கடையில் இன்னும் வாங்கு என்று கூப்பன்.

கெடு முடிந்துவிட்டது என்ற பதில் ஏற்க முடியாதது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையோ போலியான பொருளையோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்பப் பெற மாட்டேன் என்று விற்பனையாளர் மறுக்க முடியாது. இணையச் சந்தையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணமும் கிடையாது. சேலம் நுகர்வோர் ஆணையத்துக்கான மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு பட்டையிலும் கண்ணை ஒட்டிய இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிப் பாருங்கள். இடது வலது பட்டைகளைச் சேர்த்து வைத்து வளைவு ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பேச்சை எல்லாம் எழுத்தில் வாங்குங்கள், விற்பனைப் பக்கத்தை அன்றைக்கே படமெடுத்து வையுங்கள். இதுபோன்ற கிட்டை ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள், இரண்டாம் பட்டை கண்ணைச் சுற்றி வளைந்திருக்கிறதா என்று இன்றே குனிந்து பாருங்கள். இல்லையென்றால், பட்டறையில் காட்டும்வரை அந்த வண்டியில் ஆளை ஏற்றிக்கொண்டு மலை இறங்காதீர்கள்.