ஹீட்டிங் லீக், கசடு என்று ஆள் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஒரு மாதச் சம்பளம் முழுசாகப் போய்விட்டது, வீடு இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். யாராவது ஒருவராவது தப்பிக்கட்டும்.

வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில்தான் பதிவு செய்தேன். ரேடியேட்டர்களுக்குச் சுடுதண்ணீர் அனுப்பி வீட்டைச் சூடாக்கும் பாய்லரின் பிரஷர் முள் அடிக்கடி 1 பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) கீழே இறங்கியது, எங்கோ தண்ணீர் கசிகிறது என்று அர்த்தம். கீழ்த்தள ரேடியேட்டர்கள் மேலே சூடாக, அடியில் ஜில்லென்று இருந்தன. மேல்பக்கம் குளிர்ந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது, அடிப்பக்கம் குளிர்ந்தால் துருக் கசடு படிந்திருக்கிறது.

வந்தவர் அவ்வளவு பணிவு. ரேடியேட்டரிலிருந்து கொஞ்சம் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்தார். மை மாதிரி கறுப்பு. கிண்ணத்துக்கு அடியில் காந்தத்தை நகர்த்த, கறுப்புத் தூள் அதன் பின்னாலேயே ஊர்ந்தது. "பாருங்க, இதெல்லாம் உங்க ரேடியேட்டரோட இரும்பு, துருப்பிடிச்சு வந்திருக்கு. இன்னைக்கே மெஷின் போட்டு அலசிடலாம், லீக்கையும் அடைச்சிடலாம்" என்றார். கசடு பற்றி அவர் சொன்னதில் பொய்யே இல்லை. அதனால்தான் நம்பினேன். முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்டார், கட்டினேன். ஒரு மாதச் சம்பளம்!

செய்த வேலையைக் கேளுங்கள். ஒவ்வொரு ரேடியேட்டரையும் தனித்தனியாக, தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். இவர் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, ஒரு மணி நேரம்கூட ஓட்டாமல், தண்ணீர் கலங்கலாக வரும்போதே குழாயைச் சுருட்டிவிட்டார். லீக் எங்கே என்று தேடவே இல்லை. அடைப்புத் திரவம் ஒரு பாட்டில் ஊற்றி, "இனி கசியாது சார்" என்றார்.

மறுநாள் காலை முள் மறுபடி கீழே. போன் செய்தால் "செட் ஆகக் கொஞ்ச நாள் ஆகும் சார்". அப்புறம் "வேலையில இருக்கேன், கூப்பிடுறேன்". அப்புறம் எடுக்கவே இல்லை. செயலிக்காரர்களிடம் போனால், அவர் தனி ஒப்பந்தக்காரராம், அவரிடமே பேச வேண்டுமாம். என் புகாரில் "தீர்க்கப்பட்டது" என்று போட்டு மூடிவிட்டார்கள். எது தீர்ந்தது?

பிறகு வேறொருவர் வந்து, முதல் வேலையாக வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் செம்புக் குழாயைப் பார்த்தார். அதன் கீழே சுவர் ஈரம். தண்ணீர் சூடாகி விரியும்போது இடம் கொடுக்க, காற்று நிரப்பிய தொட்டி ஒன்று உண்டு. அதில் காற்று போய்விட்டது. பிரஷர் 3 பாரைத் தொட்டதும் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே தள்ளியிருக்கிறது. எந்தத் திரவம் இதை அடைக்கும்? குறைந்ததற்குப் புதுத் தண்ணீர் விடும்போதெல்லாம் ஆக்சிஜனும் சேர்ந்து போய் இரும்பைத் தின்கிறது. கசடு பெருகியதே அதனால்தான். கசிவை விட்டுவிட்டு அலசினால் மறுபடி கசடு சேரத்தான் செய்யும். போதாததற்குத் துருத்தடுப்பு மருந்தும் ஊற்றவில்லை என்று சோதித்துச் சொன்னார்.

அவசரமாகச் சில விஷயங்கள். லீக்கைக் கண்டுபிடிக்காமல் அலசச் சம்மதிக்காதீர்கள். ரேடியேட்டர் வால்வுகளில் காகிதத் துண்டைச் சுற்றிவைத்து ஈரம் வருகிறதா பாருங்கள், செம்பு இணைப்புகளில் பச்சைப் படிவு இருக்கிறதா பாருங்கள், அந்த வெளிக்குழாயை மறக்காதீர்கள். பாய்லரைத் திறக்க உரிமம் உள்ள ஆள்தான் வேண்டும். கடைசித் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்துக் காட்டும்வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

அந்த ஆளின் பக்கத்தில் இன்னும் ஐந்து நட்சத்திரம் மின்னுகிறது. நான் எழுதிய விமர்சனம் "பரிசீலனையில்" இருக்கிறதாம். ஒரு மாதச் சம்பளத்தை மட்டும் பரிசீலிக்காமலே எடுத்துக்கொண்டார்கள்.