‘அனுமதி மறுக்கப்பட்டது’: பூட்டு கோப்பில் இல்லை, கோப்புறையில்

என் மடிக்கணினியிலும் ஒரு சிறிய சர்வரிலும் எட்டு ஆண்டுகளாக லினக்ஸ் இயங்குதளம் பயன்படுத்தி வருகிறேன். மென்பொருள்களை நிறுவும்போதும் புதுப்பிக்கும்போதும் நான் அதிகம் சந்தித்த பிழை ‘பெர்மிஷன் டினைட்’. தொடக்கத்தில் அதற்கு என்னிடம் ஒரே மருந்துதான் இருந்தது: கட்டளைக்கு முன்னால், அதை நிர்வாகி உரிமையுடன் ஓட்டும் ‘சூடோ’ என்ற சொல்லைச் சேர்ப்பது. அப்போதைக்கு வேலை முடிந்துவிடும். அடுத்த புதுப்பிப்பில் அதே பிழை திரும்பி வரும்.

சூடோவுடன் ஓடும் நிறுவி உருவாக்குகிற கோப்புகளுக்கு ‘ரூட்’ என்ற நிர்வாகிக் கணக்கு உரிமையாளராகிவிடுகிறது. என் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறைக்குள், என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை நிறுவும் கருவி) வைத்திருந்த சேமிப்பில் பாதிக் கோப்புகள் ரூட்டின் பெயரில் இருந்ததைப் பார்த்த அன்றுதான், பிழையை நானே விதைத்து வந்திருக்கிறேன் என்பது விளங்கியது. உரிமையாளரை மாற்றும் சிஹெச்ஓன் கட்டளையால் அவற்றை என் பெயருக்கு மாற்றியதும் சூடோ தேவைப்படவில்லை. பைதான் தொகுப்புகளுக்கு இப்போது ஒவ்வொரு வேலைக்கும் கணினியின் பொதுவான பைதானைத் தொடாத தனி மெய்நிகர்ச் சூழல் வைத்துக்கொள்கிறேன். 2023இல் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பு, கணினியின் பொதுவான பைதானில் ‘பிப்’ என்ற தொகுப்பு நிறுவி மூலம் நிறுவுவதையே தடுக்கிறது. பலருக்கு அது எரிச்சலூட்டியது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

777 என்ற அனுமதி எண்ணைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு புதுப்பிப்பு நின்றுபோன ஆத்திரத்தில், சர்வரில் என் ஹோம் கோப்புறை முழுவதற்கும் எல்லாருக்கும் எல்லா உரிமையும் கொடுத்துவிட்டேன். புதுப்பிப்பு முடிந்தது. ஆனால் அடுத்த முறை உள்ளே நுழையவே முடியவில்லை. கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஒரு சாவிக் கோப்பைக் கொண்டு தொலைவிலிருந்து நுழையவிடும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச், பிறர் எழுதக்கூடிய கோப்புறையில் இருக்கும் சாவியை நம்பாது. கடவுச்சொல் வழியையோ நான் முன்பே அடைத்திருந்தேன். சர்வரின் நேரடித் திரையான கன்சோல் வழியாக நுழைந்து, ஹோமுக்கு 755 (பிறர் பார்க்கலாம், எழுத முடியாது), சாவிகள் இருக்கும் கோப்புறைக்கு 700 (எனக்கு மட்டும் முழு உரிமை), சாவிக் கோப்புக்கு 600 (நான் மட்டும் படிக்க, எழுத) என்று திருத்திய பிறகே வழி திறந்தது. அதன் பிறகு 777ஐ நான் தொட்டதில்லை. யாராவது அதைத் தீர்வாகச் சொன்னால் கேட்காதீர்கள்.

எனக்கு மிகவும் தாமதமாகப் புரிந்தது கோப்புறையின் உரிமை. ஒரு கோப்பை நீக்கவோ அதனிடத்தில் புதியதை வைக்கவோ அந்தக் கோப்பின் அனுமதி போதாது. அதைத் தாங்கும் கோப்புறையில் எழுதும் உரிமை வேண்டும். புதுப்பிப்பு என்பது பெரும்பாலும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பதுதானே! அதனால் பிழைச்செய்தி கோப்பின் பெயரைச் சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது அதற்கு மேலே உள்ள கோப்புறைகளை. அனுமதிக் குறியீட்டில் வரும் எக்ஸ் என்ற எழுத்து, கோப்புறையில் ‘இயக்கலாம்’ என்று பொருள்படாது, ‘உள்ளே கடந்து போகலாம்’ என்று பொருள்படும். பாதையில் ஏதாவது ஒரு படியில் அது இல்லாவிட்டால், கடைசிக் கோப்பு எவ்வளவு திறந்திருந்தும் பயனில்லை. ‘நேம்ஐ’ என்ற கட்டளை, எல் என்ற தெரிவுடன் ஓட்டினால், பாதையின் ஒவ்வொரு படிக்கும் உரிமையாளரையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். இதைவிட எனக்கு அதிகம் உதவிய கருவி வேறில்லை.

இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ், புதுப்பிக்கும்போது திடீரென எஃப்டிபி (கோப்புகளை சர்வருக்கு அனுப்பும் வழி) விவரம் கேட்பதும் பெரும்பாலும் இதே சிக்கல்தான்: கோப்புகள் ஒரு பயனரின் பெயரில் இருக்கும், இணைய சர்வர் வேறொரு பயனராக ஓடும். டெபியனிலும் உபுண்டுவிலும் அந்தப் பயனரின் பெயர் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. உரிமையாளரைச் சரிசெய்தால் கேள்வி நின்றுவிடும். ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையில், எல்லாம் சரியாக இருந்தும் மறுப்பு வந்தால், எஸ்ஈலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு கோப்பில் வைக்கும் முத்திரையைப் பார்க்க வேண்டும். முத்திரையை இயல்பு நிலைக்குத் திருப்பும் ‘ரெஸ்டோர்கான்’ கட்டளை பலமுறை அதைத் தீர்த்திருக்கிறது.

விண்டோஸில் நான் கண்டது வேறு. அங்கே ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பை மாற்ற முயன்றால், உரிமை முழுவதும் இருந்தாலும் ‘அணுகல் மறுக்கப்பட்டது’ என்றே வரக்கூடும். நிர்வாகியாக இயக்கிப் பார்ப்பதற்கு முன், டாஸ்க் மேனேஜரைத் திறந்து அந்த நிரல் பின்னணியில் ஓடுகிறதா என்று பார்த்து நிறுத்துகிறேன். பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருக்கிறது.