கவினா, பழனிசாமியா, ருத்விக்கா?

ஈரோடு, பெருந்துறை, கோபி பக்கம் ஆண் குழந்தை பிறந்த வீட்டில் பெயர்ப் பேச்சை எடுத்தால் மூன்று கட்சி கிளம்பும். பெற்றவளுக்குக் கவின் பிடித்திருக்கும். அப்பாரு (அப்பாவைப் பெற்ற தாத்தா) பேரு விட்டுப்போகக் கூடாது என்று பெரியவர்கள் பழனிசாமியைச் சொல்வார்கள். சுவாதி நட்சத்திரத்துக்கு 'ரு' என்று ஜோசியர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா ருத்விக் என்பார். இதில் கவினுக்கு மட்டும் உடனே ஓர் ஆட்சேபம் வரும்: "தெருவுக்குத் தெரு கவின் இருக்கானே!"

இருக்கட்டும். ஊரில் எத்தனை கவின் என்பது நம் பையனுக்குப் பெரிய பாதிப்பில்லை. அவன் வகுப்பில் எத்தனை, பங்காளி வீடுகளில் எத்தனை என்பதுதான் கணக்கு. வகுப்பில் இரண்டு பேர் இருந்தால் இனிஷியல் பிரித்துவிடும் என்று நினைப்போம். ஆனால் இப்போது பிள்ளை பெறுகிற அப்பாக்களின் பெயர்களைப் பாருங்கள்: செந்தில், சரவணன், சக்திவேல், சிவகுமார், சதீஷ். எல்லாருக்கும் 'எஸ்'தான். ஆக, வருகைப் பதிவேட்டில் எஸ். கவினுக்குக் கீழே இன்னொரு எஸ். கவின். தமிழில் இனிஷியல் போட்டால் செ. கவின், சி. கவின் என்று ஓரளவு பிரியும். ச மட்டும் சரவணன், சக்திவேல், சதீஷ் மூவருக்கும் பொதுவாகவே நிற்கும். இன்னும் சிக்கல் பங்காளி வீட்டில். அண்ணன் தம்பி இருவர் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கி, இருவர் மகனும் கவின் என்றால், கல்யாணப் பத்திரிகையில் தொடங்கி வங்கிக் கடிதம் வரை மாறிப் போகும். அந்த நிலையில் மட்டும் கவின் வேண்டாம் என்பேன்.

பழனிசாமிக்கு வருவோம். பழனி, சென்னிமலை, சிவன்மலை, மருதமலை என்று திரும்பின பக்கமெல்லாம் முருகன் குடியிருக்கிற சீமை இது. பழனிசாமி, வேலுசாமி, சென்னியப்பன், மருதாசலம் என்று வீட்டுக்கு வீடு வைத்தார்கள். பொதுப்பெயர் என்று ஒன்றைச் சொல்வதானால் அந்தக் காலத்தில் பழனிசாமியைத்தான் சொல்ல வேண்டும். யாராவது அதற்காகக் கவலைப்பட்டார்களா? மொய் எழுதுகிறவர் பழனிசாமி என்றதும் பேனாவை நிறுத்துவார். "எந்தூருங்க? எந்தத் தோட்டமுங்க?" என்று கேட்டு, மேக்காலத் தோட்டம் என்று சேர்த்து எழுதிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். ஊரும் தோட்டமும்தான் அடையாளம், பெயர் சும்மா கூப்பிடுவதற்கு. கூப்பிடுவதற்கும் முழுசாக இல்லை. மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பதால் பேரன் வீட்டுக்குள் 'சாமி', 'தங்கம்' என்றே வளர்ந்தான்.

இப்போது எல்.கே.ஜி. வகுப்பில் பழனிசாமி என்று கூப்பிட்டால் ஒரு பிள்ளையும் எழுந்திருக்காது என்றே நினைக்கிறேன். 2017 முதல் 2021 வரை முதலமைச்சரே ஒரு பழனிசாமிதான். அப்போதும் தொட்டில் பக்கம் அந்தப் பெயர் திரும்பி வந்ததாகத் தெரியவில்லை. அபூர்வமான பெயர்தான் வேண்டும் என்கிறவர்கள் இதைவிட அபூர்வத்துக்கு எங்கே போவது? ஆனால் பத்து வயதில் கூட்டாளிகள் "தாத்தா" என்று கேலி செய்வதைத் தாங்கப்போவது நாமல்ல, பையன். அதனால் இதைப் பள்ளிப் பெயராக வைக்கத் தயங்குவேன்; காது குத்தும்போது குலதெய்வக் கோயிலில் சொல்லும் பெயராகத் தாராளமாக வைக்கலாம்.

ருத்விக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தனிப் பெயர் என்று தேடித்தான் வைக்கிறார்கள். ரித்விக், கிருத்திக், ஹிருத்திக், ரித்திக் என்று அதே தேடலில் கிடைத்த பிள்ளைகள் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுத்தில் ஐந்து பெயர். டீச்சர் வேகமாகக் கூப்பிட்டால் ஐந்து பேரும் திரும்புவார்கள். அம்முச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வாயில் அது 'ருத்தீக்கு' ஆகிவிடும், அதுகூடப் பரவாயில்லை. பிறப்புச் சான்றிதழில் ருத்விக், ஆதாரில் ரித்விக் என்று விழுந்துவிட்டால் இ-சேவை மையத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். மூன்றில் எனக்குக் கடைசி இதுதான்.

நடுவே தீரன் என்று ஒரு பெயரும் அடிபடுகிறது. 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலைக்குப் பெற்றோர் வைத்த பெயர் தீர்த்தகிரி. தீரனைத் தேடுகிறவர்கள் அந்தப் பெயரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தீர்த்தகிரிக்கு ஓசை கொஞ்சம் பழசுதான், ஆனால் எந்த வகுப்பிலும் இரண்டாவது ஆள் இருக்க மாட்டான்.

என்னைக் கேட்டால், பங்காளி வீட்டில் அதே இனிஷியலோடு இன்னொருவன் இல்லையென்றால் கவினே இருக்கட்டும். அவசரமும் வேண்டாம். பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பெயரில்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணம் உண்டு. ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவதென்றால் அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும். அதனால் இரண்டு மாதம் வீட்டில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பங்காளிகளிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு பெயரைப் பதியப் போங்கள்.