வகைமை இடப்பக்கம், இயக்குநர் வலப்பக்கம்: கிளிநொச்சியில் ஓர் இறுவட்டுக் கடை

கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்திக்கு அண்மையில், கண்டி வீதியிலிருந்து பிரிகின்ற ஓர் ஒழுங்கையில், பெயர்ப்பலகை எதுவுமின்றி இயங்குகின்ற இந்த இறுவட்டுக் கடையைப் பற்றி எழுத வேண்டியதற்குக் காரணம் அங்குள்ள படங்களைவிட அவை அடுக்கப்பட்டிருக்கும் முறையே ஆகும். கைத்தொலைபேசியில் எல்லாப் படமும் வந்துவிடுகின்ற காலத்தில் வாடகைக் கடை எதற்கு என்று கேட்பவர்கள் ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்கலாம். இடக்கைப் பக்க இறாக்கையில் படங்கள் வகைமைப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன: சரித்திரப் படம், சாமிப் படம், குடும்பப் படம், சண்டைப் படம், பேய்ப் படம், பகிடிப் படம் என்று ஊர் வழக்கிலேயே தலைப்புகள் எழுதப்பட்டிருக்கின்றன. வலக்கைப் பக்க இறாக்கையில் படங்கள் இயக்குநரின் பெயர்ப்படி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு படம் இரண்டில் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். மற்றப் பக்கத்தில் அது இருந்திருக்க வேண்டிய இடத்தில், பிஸ்கற் பெட்டியிலிருந்து வெட்டிய மட்டைத் துண்டொன்று செருகப்பட்டு, படம் எங்கே இருக்கிறது என்று நீலப் பேனையால் எழுதப்பட்டிருக்கும்.

கையிருப்பில் ஒரு படத்திற்கு ஒரு பிரதிதான் உண்டு என்பதே இந்த ஏற்பாட்டுக்குக் காரணம். ஆனால் அதன் விளைவாக, ஒவ்வொரு படத்தையும் விளங்கிக்கொள்வதற்கு அதன் வகைமை உதவுமா, அதை இயக்கியவரின் பெயர் உதவுமா என்று கடைக்காரர் தீர்மானித்தே ஆக வேண்டியிருக்கிறது. திரைப்பட ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக வாதாடி வருகின்ற விடயமும் இதுவேதான். கடைக்காரரின் தீர்மானங்களிற் பெரும்பகுதி வலப்பக்கம் சாய்கிறது. என்னுடைய எண்ணம், அவர் இடப்பக்கத்தை இன்னும் நம்பியிருக்கலாம் என்பதாகும்.

வலப்பக்க இறாக்கையின் பின்னணி பிரான்சில் தொடங்குகிறது. 1951இல் திரைப்பட விமர்சகர் ஆந்த்ரே பஸானும் அவருடைய நண்பர்களும் 'கையே து சினிமா' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார்கள். 1954 ஜனவரி இதழில், அப்போது இருபத்தொரு வயதேயான பிரான்சுவா த்ரூஃபோ, இலக்கியத்தைத் திரைக்கதையாக்கி அழகாகப் படம்பிடிப்பதோடு நின்றுவிட்ட பிரெஞ்சு மரபைக் கடுமையாகத் தாக்கி ஒரு கட்டுரை எழுதினார். படத்தின் உண்மையான ஆசிரியர் திரைக்கதை எழுதுபவர் அல்ல, காட்சிகளாகச் சிந்திக்கும் இயக்குநரே என்ற நிலைப்பாடு அதிலிருந்து வளர்ந்தது. 1962இல் அமெரிக்க விமர்சகரான அன்ட்ரூ சாரிஸ் அதனைப் படைப்பாளிக் கோட்பாடு என்ற பெயரில் வகுத்து, தொழில்நுட்பத் தேர்ச்சி, தனித்த பாணி, உள்ளார்ந்த பொருள் என்னும் மூன்று வட்டங்களால் இயக்குநரை அளக்க முயன்றார். மறு ஆண்டே இன்னொரு விமர்சகரான போலின் கேல் அதனை எள்ளி நகையாடி மறுத்தெழுதினார்; ஒருவர் ஒரே குறையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அதையும் பாணி என்று புகழ்வதா என்பது அவருடைய வாதத்தின் சாரம். அதற்கு முன்பே, 1957இல், தன் சஞ்சிகை இளைஞர்களின் இயக்குநர் வழிபாடு எல்லை மீறுகிறது என்று பஸானும் ஒரு கட்டுரையில் எச்சரித்திருந்தார். ஹொலிவூட்டில் நல்ல படம் பிறப்பதற்கு அங்குள்ள தயாரிப்பு முறைமையின் ஆற்றலும், அதற்குள் விளைந்த வகைமைகளின் வளமும் காரணம் என்பது அவருடைய எண்ணம். கடைக்காரர் பஸானின் அந்தக் கட்டுரையைப் படித்திருந்தால் இடப்பக்க இறாக்கைக்கு இன்னும் இரண்டு தட்டு கூட்டியிருப்பார்.

வகைமை என்பது பார்ப்பவருக்கும் படத்துக்கும் இடையிலான ஓர் உடன்பாடு என்பதனை இந்தக் கடையிலேயே நேரிற் காணலாம். பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு தாய், பாலு மகேந்திராவின் 'மூடுபனி'யைக் கையில் எடுத்து, "அண்ணை, உது பேய்ப் படமோ, இல்லாட்டிச் சும்மா பயப்பிடுத்துற படமோ?" என்று கேட்டார். "பேய் வராது, தங்கச்சி. ஆனால் பிள்ளையளோட இருந்து பாக்காதேங்கோ" என்று கடைக்காரர் பதில் சொன்னார். அந்தத் தாய் இயக்குநர் யார் என்று கேட்கவில்லை. அவர் கேட்ட கேள்வி, படம் எந்த எதிர்பார்ப்பை எழுப்பி அதனை எப்படி நிறைவேற்றும் என்பதாகும். வகைமைக் கோட்பாட்டின் அடிப்படைக் கேள்வியே அதுதான்.

'மூடுபனி' (1980) வலப்பக்கத்தில் பாலு மகேந்திரா வரிசையில் இருக்கிறது. ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' (1960) அதே பக்கத்தில் வேறொரு தட்டில் இருக்கிறது. இடப்பக்கத்தில் இரண்டின் மட்டைத் துண்டுகளும் அருகருகே நிற்கின்றன. இந்த ஏற்பாட்டோடு எனக்குப் பிணக்கு உண்டு. 'சைக்கோ'வின் முதற்பகுதி பணத்தைத் திருடிக்கொண்டு ஓடுகின்ற ஒரு பெண்ணின் கதையாக நகர்கிறது. அவள்தான் கதாநாயகி என்று நாம் நம்பியிருக்கும் வேளையில், படம் பாதியை எட்டுவதற்கு முன்னரே குளியலறையில் கொல்லப்படுகிறாள். குற்றக் கதையின் ஒழுங்கு தெரிந்தவருக்கே அந்த ஒழுங்கு உடைபடும்போது அதிர்ச்சி ஏற்படும். ஹிட்ச்கொக் என்ற பெயரின் கீழ் அதனை எடுப்பவர் முன்கூட்டியே ஒரு விபரீதத்தை எதிர்பார்த்துக்கொண்டு உட்காருவார். 'சைக்கோ'வின் தாக்கம் பெற்ற 'மூடுபனி'யில், அதே வகையான நோயுற்ற மனம் இயற்கை ஒளியிலும் மலைநாட்டுக் குளிரிலும் எவ்வாறு வேறு உருவம் கொள்கிறது என்று பார்க்க வேண்டுமானால் இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இயக்குநரின் தனித்தன்மை துலங்குவதற்கும் வகைமை ஒரு பொதுத் தரையாக அமைய வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, வலப்பக்கத்தின் நியாயத்தை ஹொலிவூட் இயக்குநர் ஹவார்ட் ஹோக்ஸின் வரிசை நிலைநாட்டுகிறது. 'ஸ்கார்ஃபேஸ்' (1932) காடையர் கூட்டத்தின் கதை, 'பிரிங்கிங் அப் பேபி' (1938) பகிடிப் படம், 'த பிக் ஸ்லீப்' (1946) துப்பறியும் படம், 'ரியோ பிராவோ' (1959) குதிரையும் துப்பாக்கியுமான மேற்குலகப் படம் (வெஸ்டர்ன்). வகைமைப்படி அடுக்கினால் இந்த நான்கும் நான்கு மூலைகளுக்குச் சிதறிப் போயிருக்கும். ஒன்றாக இருப்பதால் மட்டுமே, தொழில் தெரிந்தவர்களின் சிறு குழு, ஒருவரை ஒருவர் சீண்டும் வேகமான உரையாடல், ஆணுக்குச் சளைக்காத பெண் ஆகியவை திரும்பத் திரும்ப வருவதனைக் கவனிக்க முடிகிறது. பல வகைமைகளைக் கடந்து வேலை செய்த ஒருவருக்குப் படைப்பாளிக் கோட்பாடு கொடுக்கின்ற வெளிச்சத்தை வேறெதுவும் கொடுப்பதில்லை. 'கசாப்ளாங்கா' (1942) இடப்பக்கத்தில் காதற் படங்களோடு இருப்பதும் சரியான தீர்மானமே; மைக்கேல் கேர்ட்டிஸ் இயக்கிய அந்தப் படத்தைச் சாரிஸே தன் கோட்பாட்டுக்கு விலக்கு என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மேற்குலகப் படத் தட்டு சிறியது, ஆனால் கடையில் ஆகச் சிறப்பாக அமைந்த பகுதி அது. ஜோன் ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்'சுக்கு (1939) அருகில் எம். கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த 'கங்கா'வும் (1972), சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்க'மும் (2010) வைக்கப்பட்டிருக்கின்றன. திரைப்பட ஆய்வாளர் ரிக் ஓல்ட்மன் 1984இல் வகைமையின் வெளி அடையாளங்களையும் உள் அமைப்பையும் பிரித்துக் காட்டினார். தொப்பியும் குதிரையும் துப்பாக்கியும் வெளி அடையாளங்கள். காட்டுக்கும் ஊருக்கும் இடையில் நிற்கின்ற ஒருவன், ஊரைக் காத்த பின்பும் அந்த ஊரில் வாழ முடியாதவனாகப் போவது உள் அமைப்பு. கர்ணனின் படங்கள் தொப்பியையும் குதிரையையும் எடுத்துக்கொண்டு, உள்ளே நமக்குப் பழகிய பழிவாங்கும் கதையை வைத்துக்கொண்டன; சிம்புதேவன் அந்தத் தொப்பியையே பகிடிப் பொருளாக்கினார். இதனை விளங்கப்படுத்த எந்த ஆசிரியரும் தேவையில்லை, அந்த ஒரு தட்டே போதும்.

வன்னி வாசகருக்கு மிகவும் நெருக்கமான சோதனை மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) ஆகும். அது மாங்குளத்தில் தொடங்குகின்ற கதை என்பதால் இந்தக் கடையில் அதிகம் வாடகைக்குப் போகிற படங்களில் ஒன்று என்று கடைக்காரர் சொல்கிறார். வலப்பக்கத்தில் 'ரோஜா' (1992), 'பம்பாய்' (1995), 'தில் சே' (1998) ஆகியவற்றை அடுத்து அது நிற்கிறது. அந்த வரிசை ஒரு உண்மையைக் காட்டத்தான் செய்கிறது: ஒவ்வொரு முறையும் ஓர் அரசியற் கொந்தளிப்பு ஒரு சோடியின் அல்லது ஒரு குடும்பத்தின் உறவுக்குள் சுருக்கிச் சொல்லப்படுகிறது. ஆனால் ஏன் அப்படிச் சுருங்குகிறது என்ற கேள்விக்கு இயக்குநரின் பெயரிலிருந்து பதில் கிடைப்பதில்லை. பதில் குடும்பப் படம் என்ற வகைமையில் இருக்கிறது. தாயைத் தேடும் பிள்ளையின் கதை, தாயும் பிள்ளையும் சந்திக்கும் கணத்தை நோக்கி ஓடியே ஆக வேண்டும். அந்த ஓட்டத்தில் போர் என்பது அவர்களைப் பிரித்து வைத்த ஒரு பேரிடராக மட்டுமே இடம்பெற முடியும், அதற்கொரு வரலாறு இருக்க முடியாது. மாங்குளத்தார் அந்தப் படத்தில் அழுதுவிட்டு, பிறகு ஏதோ குறைகிறது என்று சொல்வதன் காரணம் எனக்கு இடப்பக்க இறாக்கையின் முன் நின்றபோதே பிடிபட்டது. படம் இந்தியாவில் எடுக்கப்பட்டது என்பதனால், பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற நமது காட்டை அதில் தேடிப் பயனில்லை என்பது வேறு விடயம். அதுபோக, அந்தப் படத்தின் தேசிய விருதுகளைப் பார்த்தால், இசை ஏ. ஆர். ரஹ்மானுக்கும் தொகுப்பு ஸ்ரீகர் பிரசாத்துக்கும் போயிருக்கின்றன. இயக்குநர் பெயரின் கீழ் அடுக்கும்போது இவர்களுடைய உழைப்பும் அந்த ஒரு பெயருக்கே வரவு வைக்கப்படுகிறது.

இதே குறை சிங்களப் படங்களின் தட்டில் இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' (1956), 'கம்பெரலிய' ஆகியவற்றுக்குப் பின்னால், சுமித்ரா பீரிஸின் 'கெஹெனு லமாய்' (1978) தனிப் பெயர் அட்டைகூட இன்றி ஒதுங்கிக் கிடக்கிறது. 'கம்பெரலிய'வைத் தொகுத்தவரும் அவரே. ஆசிரியர் ஒருவரே என்று வற்புறுத்துகின்ற ஒரு கோட்பாட்டின்படி அடுக்கிய இறாக்கையில், முழு ஆசிரியரான ஒரு பெண் கணவரின் வரிசைக்குள் மறைந்து போவது அழகாக இல்லை. சொன்னேன், திருத்துவதாகக் கடைக்காரர் கூறியிருக்கிறார்.

வகைமைக்கும் பிடிபடாத படங்கள் உண்டு என்பதனை மறைக்க வேண்டியதில்லை. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்துக்கான மட்டைத் துண்டு 'குடும்பப் படம்' தட்டில் இருக்கிறது. பாட்டும் இல்லாமல், வில்லனும் இல்லாமல், ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் வீடு கட்டப் படும் பாட்டை மட்டும் சொல்கின்ற அந்தப் படத்தைக் குடும்பப் படம் என்று எடுத்துச் செல்பவர்கள் ஏமாறுவார்கள். வீட்டுத் திட்டத்தில் அத்திவாரம் போட்டு, சீமெந்து விலையேற்றத்தால் கூரை போடாமல் காத்திருந்த அனுபவம் உள்ளவர்களோ ஒரு காட்சியையும் தவறவிடமாட்டார்கள். மட்டக்களப்பு மண்ணிற் பிறந்த அந்த இயக்குநரின் வரிசையில் அதனை வைத்திருப்பது மிகச் சரியானது.

கல்லாப் பெட்டிக்குக் கீழே மூன்றாவதாக ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதில் எம்.ஜி.ஆர், சிவாஜி, ரஜினி, விஜய் என்று நடிகர் பெயரில் படங்கள் கிடக்கின்றன. உண்மையில் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் இரண்டு இறாக்கைகளையும் ஏறெடுத்துப் பார்க்காமல் நேரே அந்தப் பெட்டியைத்தான் கிண்டுகிறார்கள். தமிழ்ப் படத்தைப் பொறுத்தவரை நட்சத்திரமே ஒரு வகைமை, எம்.ஜி.ஆர் படத்தில் அவர் குடிக்கமாட்டார், தாயை மதிப்பார், இறுதியில் வெல்வார் என்ற உடன்பாடு எந்த மேற்குலகப் படத்தின் உடன்பாட்டைவிடவும் உறுதியானது. 'நாடோடி மன்ன'னை (1958) அவரே தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்திருக்கிறார் என்பதால் அதனை எந்த இறாக்கையிலும் வைக்கலாம். கடைக்காரர் அதனைப் பெட்டியிலேயே விட்டிருப்பது அறிவான காரியம்.

சேவையைப் பொறுத்தவரை, வாடகை குறைவு, முற்பணம் கேட்பதில்லை, அடையாள அட்டை இலக்கத்தைக் கொப்பியில் எழுதிக்கொள்கிறார்கள். கீறல் விழுந்த இறுவட்டுக்களைத் திருப்பிக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் மாற்றித் தருகிறார்கள். பெரிய குறை, சிங்களப் படங்களுக்கும் வெளிநாட்டுப் படங்களுக்கும் ஆங்கில உபதலைப்பு மட்டுமே இருப்பதாகும். அதற்கு ஈடாகச் சில படங்களின் உறைக்குள் கதைச் சுருக்கத்தைத் தமிழில் தட்டச்சிட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சுருக்கங்கள் முடிவையும் சொல்லிவிடுகின்றன. ஆகவே 'சைக்கோ'வை எடுப்பவர்கள் உறைக்குள் இருக்கும் தாளை வெளியில் எடுக்காமல் படத்தைப் போடுவது நல்லது. 'மூடுபனி'யையும் கூடவே கேட்டு வாங்குங்கள். இரண்டையும் சேர்த்து எடுத்தால் ஓர் இரவு கூடுதலாக வைத்திருக்க விடுகிறார்கள்.