திங்கட்கிழமை காலை ஆறரை மணி: ஒரு தொடரும் ஐந்து இரசிகர்களும்

2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வேளச்சேரியில் நானும் கல்லூரித் தோழர்கள் இருவரும் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு, மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த நண்பர் ஒருவர், ஓர் அரியணைக்காகப் பல குடும்பங்கள் மோதிக்கொள்ளும் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முதல் சீசனை ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்து வந்தார். தோழர்களில் ஒருவருடைய அக்கா வங்கியில் பணிபுரிபவர். அன்று தம்பியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், இரண்டு எபிசோடு முடியும்வரை கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்று பார்த்தார், மூன்றாவது தொடங்கியபோது இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஐவர் குழு அமைந்தது அப்படித்தான். அந்தத் தொடரின் 73 எபிசோடுகளையும் நாங்கள் சேர்ந்தே பார்த்தோம். அதன் முன்கதையாக வந்த தொடரையும் சேர்ந்தே பார்த்து வருகிறோம். தொடரின் தரத்தை அலசியவர்கள் ஏராளம். ஒரே பித்துப் பிடித்த ஐந்து பேர் ஒரு கதையை இத்தனை ஆண்டுகள் கட்டிக்கொண்டு மாரடித்தது எப்படி இருந்தது, அதில் எது தேய்ந்தது, எது தேயவில்லை என்பதை மட்டும் நான் எழுதுகிறேன். கதையின் திருப்பங்களை மறைக்கப் போவதில்லை என்பதால், இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் சீசனின் ஒன்பதாவது எபிசோடில் நெட் ஸ்டார்க்கின் தலை வெட்டப்படுகிறது. ஷான் பீன் நடித்த அந்தப் பாத்திரத்தைத்தான் அதுவரை கதாநாயகன் என்று நம்பியிருந்தோம். வாள் ஓங்கிய பிறகும், கூட்டத்தைப் பிளந்துகொண்டு யாராவது குதிரையில் வந்து காப்பாற்றிவிடுவார்கள் என்றே, தமிழ்ப் படங்களைப் பார்த்து வளர்ந்த எங்களில் நால்வர் கடைசி நொடிவரை காத்திருந்தோம். அது நடக்கவில்லை. அன்றிரவு இரண்டு மணிவரை மொட்டை மாடியில் உட்கார்ந்து, அவருடைய பெண்கள் இருவரும் என்ன ஆவார்கள், மகன் படையெடுத்து வருவானா, இப்படிக் கதாநாயகனைக் கொன்றுவிட்டு மீதிக் கதையை யாரை வைத்து நகர்த்துவார்கள் என்று பேசினோம். எபிசோடு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. பேச்சு அதைப்போல நான்கு மடங்கு நீண்டது. பிற்பாடு வந்த ஆண்டுகள் முழுவதும் இந்தக் கணக்கு ஏறக்குறைய மாறவே இல்லை.

இதில் புதுமை ஒன்றும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். கும்பகோணத்தில் என் பாட்டி, வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார். இதழ் வருகிற நாளன்று மாலையில் தெருப் பெண்கள் நாலைந்து பேர் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடி, எழுத்தாளரைப் பெயர் சொல்லித் திட்டுவார்களாம்: “அந்தப் பெண்ணை இந்த வாரமும் அழவிட்டுட்டானே, பாவி.” எங்களுக்குத் திண்ணைக்குப் பதிலாக மொட்டை மாடி கிடைத்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது சீசனிலிருந்து வாரம் ஓர் எபிசோடு என்று வந்தபோதுதான் இந்தப் பழக்கத்துக்கு ஒரு முறை உண்டாயிற்று. முதலில் தொடக்கப் பாடலின்போது யாரும் பேசக்கூடாது என்று விதித்துக்கொண்டோம். ரமீன் ஜவாதியின் செல்லோ இசையுடன் வரைபடம் ஒன்றின்மீது கோட்டைகள் பற்சக்கரம் பற்சக்கரமாகச் சுழன்று எழும் அந்தக் காட்சி எபிசோடுக்கு எபிசோடு மாறும். கதை எந்தெந்த ஊர்களுக்குப் போகிறதோ அந்த ஊர்கள் வரைபடத்தில் எழும். புதிதாக ஓர் ஊர் எழுந்துவிட்டால், அங்கே யார் போகப் போகிறார்கள் என்று கண்ணாலேயே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். தனியாகப் பார்த்திருந்தால் இரண்டாம் வாரத்திலேயே அதைத் தாண்டி ஓட்டியிருப்பேன்.

மதுரை நண்பரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய மூல நாவல்களில் அதுவரை வெளிவந்திருந்த ஐந்தையும் அவர் படித்து முடித்திருந்தார். நெட் ஸ்டார்க் காப்பாற்றப்படுவார் என்று எதிர்பார்க்காத ஐந்தாவது ஆள் அவர்தான். படித்த இரசிகரோடு தொடர் பார்ப்பது, விடை தெரிந்த ஆசிரியரை வைத்துக்கொண்டு விடுகதை போடுவதைப் போன்றது. நாம் எதைச் சொன்னாலும் அவர் முகம் ஏதாவது ஒன்றைக் காட்டிக்கொடுத்துவிடும். அவரும் தன்னால் இயன்றவரை முகத்தைக் கல்லாக வைத்திருந்தார். ஆனால் 2013 ஜூன் மாதம், இரசிகர்கள் ‘ரெட் வெடிங்’ என்று அழைக்கும் திருமண விருந்துப் படுகொலை வந்த எபிசோடின்போது மட்டும் அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, திரைக்கு முதுகையும் எங்களுக்கு முகத்தையும் காட்டி உட்கார்ந்தார். அறைக்கதவு சாத்தப்பட்டு, இசைக்கலைஞர்கள் வேறொரு பாட்டை வாசிக்கத் தொடங்கியபோதே அக்காவுக்கு ஏதோ புரிந்துவிட்டது. “வேண்டாம்டா, நிறுத்துடா” என்றார். நிறுத்தவில்லை. அந்த எபிசோடில் நான் கண்டதைவிட, மதுரை நண்பர் எங்கள் முகங்களில் கண்டதுதான் அதிகம் என்று இப்போதும் நினைக்கிறேன். உலகெங்கும் நாவல் படித்த இரசிகர்கள் பலர் அன்று இதையே செய்திருந்தார்கள் என்பதும், படிக்காதவர்கள் அலறியதைக் கைப்பேசியில் படம்பிடித்து வைத்திருந்தார்கள் என்பதும் மறுநாள் தெரிந்தது.

என் கணக்கில், இந்தப் பழக்கத்தின் உச்சம் தொடர் ஓடாத காலத்தில்தான் வந்தது. 2015 ஜூன் மாதம் ஐந்தாவது சீசன், நெட் ஸ்டார்க்கின் மகனாக வளர்ந்த ஜான் ஸ்னோவைக் கத்தியால் குத்திப் பனியில் கிடத்திவிட்டு முடிந்தது. அவன் எழுந்து மூச்சுவிடுவதைப் பார்க்க 2016 மே மாதம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தப் பத்து மாதமும் அவன் செத்தானா இல்லையா என்பதே எங்கள் பேச்சு. அந்தப் பாத்திரத்தில் நடித்த கிட் ஹாரிங்டன், நான் தொடரில் இல்லை என்று நேர்காணல்களில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் தோள்வரை தொங்கும் தலைமுடியை மட்டும் வெட்டாமல் வைத்திருந்தார். காசோலையில் கையெழுத்து சரிபார்க்கும் அதே கண்ணோடு அக்கா அவருடைய புதிய புகைப்படங்களை வாரந்தோறும் பெரிதாக்கிப் பார்த்து, “முடி அப்படியே இருக்கு, ஆள் சாகலை” என்று வாட்ஸ்அப் குழுவில் அறிக்கை தருவார். அவர் சொன்னதே நடந்தது. பத்து மாதம் ஒரு செய்தியும் தராத கதையிலிருந்து அத்தனை மகிழ்ச்சியைப் பிழிந்தெடுக்கத் தனியொரு ஆளால் முடியாது.

ஆறாவது சீசன் எங்கள் குழுவின் சமநிலையை மாற்றியது. ஆறாவது நாவல் வெளிவராததால், தொடர் நாவல்களைத் தாண்டிப் போகத் தொடங்கியிருந்தது. அந்த ஆண்டுதான் மதுரை நண்பர் முதன்முறையாக எங்களைப் போலவே ஒன்றும் தெரியாதவராகத் திரையைப் பார்த்து உட்கார்ந்தார், தப்புத் தப்பாக ஊகித்தார், நகத்தைக் கடித்தார். அவர் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

அந்த சீசனின் ஐந்தாவது எபிசோடில், ‘ஹோடோர்’ என்ற ஒரே சொல்லை மட்டும் பேசும் வெகுளிப் பணியாளன் ஏன் அப்படி ஆனான் என்பது தெரியவருகிறது. கதவை விடாமல் பிடித்துக்கொள் என்று பொருள்படும் ‘ஹோல்ட் த டோர்’ என்ற ஆங்கில ஆணை, திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டுத் தேய்ந்து, அவனுடைய பெயராகவே சுருங்கிவிடுகிறது. ஐந்து பேரும் அழுதோம் என்பதை மறைப்பதற்கில்லை. பல மொழிகளில் மொழிபெயர்ப்பாளர்கள் இந்தச் சொல்விளையாட்டோடு மல்லுக்கட்டினார்கள் என்று படித்ததும், தமிழில் என்ன செய்வது என்ற ஆராய்ச்சி எங்களுக்குள் தொடங்கியது. அக்காவின் தம்பி “கதவைப் பிடி, கதவைப் பிடி” என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். அது “கதப்பிடி” ஆகி, “கப்டி” ஆகி, கடைசியில் “கபடி, கபடி” என்று வந்து நின்றது. கண்ணீர் காயாத முகங்களோடு அரைமணி நேரம் சிரித்தோம். இன்றைக்கும் எங்களில் யாராவது பேருந்தில் இடம்பிடித்து வைக்கச் சொன்னால், மற்றவர் “கபடி” என்றுதான் பதில் சொல்வார்.

2017இல் வந்த ஏழாவது சீசனையும் 2019இல் வந்த எட்டாவது சீசனையும் ஹாட்ஸ்டாரில், அமெரிக்காவில் ஒளிபரப்பாகும் அதே வேளையில், திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குப் பார்த்தோம். இதற்குள் எனக்குத் திருமணமாகித் தனி வீடு. அக்காவின் தம்பி டொராண்டோவில். அவருக்கு அது ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணி. மற்ற மூவரும் ஆறேகாலுக்கு என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். எபிசோடு முடிந்தவுடன் அலுவலகம் ஓட வேண்டியிருந்ததால், பேச்செல்லாம் மாலைக்குத் தள்ளிப்போகும். பகல் முழுவதும் அதை நெஞ்சுக்குள் வைத்திருப்பது, சொல்லப்போனால், நல்ல சித்திரவதை. 2019இல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 18ஆம் தேதி நடந்த மக்களவைத் தேர்தல், எட்டாவது சீசனின் முதல் எபிசோடுக்கும் இரண்டாவதற்கும் இடையே வந்தது. மே 19ஆம் தேதி மாலை கருத்துக்கணிப்புகள், மறுநாள் காலை இறுதி எபிசோடு, 23ஆம் தேதி தேர்தல் முடிவு என்று அமைந்துவிட்டதால், அரியணை யாருக்கு என்ற கேள்வி எதைக் குறித்தது என்பதே அந்த வாரம் குழப்பமாக இருந்தது.

மூன்றாவது எபிசோடைப் பற்றி ஒரு புலம்பல். ஐம்பத்தைந்து இரவுகள் படமாக்கிய போர்க்காட்சி; 82 நிமிடம்; பெரும்பகுதி இருட்டு. என் வீட்டுக் கூடம் கிழக்குப் பார்த்தது. ஏப்ரல் மாதச் சென்னையில் ஆறரை மணி வெயில் நேராகத் திரையில் விழ, பிணப்படை வர வேண்டிய இடத்தில் காபி டம்ளரோடு நாங்கள் நால்வரும்தான் தெரிந்தோம். பத்தாவது நிமிடத்தில் என் மனைவி எழுந்து ஜன்னலில் இரண்டு போர்வைகளைத் தொங்கவிட்டார். போதாக்குறைக்கு இணைய இணைப்பு இருமுறை அறுந்தது. அந்த இடைவெளியில் டொராண்டோக்காரர் எங்களை முந்திவிட்டார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. நெட் ஸ்டார்க்கின் இளைய மகள் ஆர்யா, பிணப்படையின் தலைவனைக் கொல்லக் கத்தியைக் கை மாற்றிய அந்த நொடியை நாங்கள் பார்க்கும்வரை குழுவில் அவரிடமிருந்து வந்தது ஒரே ஒரு முற்றுப்புள்ளி.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். முடிவு நன்றாக இல்லை. ஏழாவது சீசனுக்கு ஏழு, எட்டாவதற்கு ஆறு என்று எபிசோடுகளைக் குறைத்ததில் கதை தலைதெறிக்க ஓடியது. கடைசி சீசனை மீண்டும் எடுக்க வேண்டும் என்ற கோரிக்கையில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அரியணைக்கு உரிமை கோரிய டேனரிஸ், சரணடைந்துவிட்ட நகரத்தை எரித்தபோது, எட்டு சீசன்களாக அவள் பக்கம் நின்ற அக்கா எழுந்துபோய் சமையலறையில் டம்ளர்களைக் கழுவத் தொடங்கினார். அறிகுறிகள் தொடக்கத்திலிருந்தே இருந்தன என்று நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. பத்து நாள் என்னோடு பேசவில்லை. இறுதி எபிசோடுக்கு வந்தார், ஒரு சொல்லும் பேசாமல் காபிக்குக் கையை நீட்டினார். அறிகுறிகள் இருந்தாலும் அந்த மாற்றத்துக்குப் போதிய காலம் தரப்படவில்லை என்ற அவருடைய கட்சி சரிதான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் உறுதி: தனியாகப் பார்த்திருந்தால் அந்த முடிவு எனக்கு வெறும் ஏமாற்றமாக நின்றிருக்கும், ஐவராகப் பார்த்ததால் இரண்டு மாதம் சண்டை போடக் கிடைத்தது.

வேறு தொல்லைகளும் உண்டு. அலுவலகத்தில் ஒருவர், மாலையில் பார்க்கலாம் என்று நான் தள்ளிவைத்திருந்த ஓர் எபிசோடின் முடிவை மின்தூக்கியில் இரண்டு தளங்களுக்குள் சொல்லி முடித்தார். தொடரைப் பார்க்காதவர்கள் இருக்கும் விருந்துகளில் நாங்கள் தாங்க முடியாத மனிதர்களாக இருந்தோம் என்பதைப் பலரும் நயமாகத் தெரிவித்திருக்கிறார்கள். ஒரே நாளில் மொத்த சீசனையும் வெளியிடும் தொடர்களுக்கு இந்தப் பழக்கம் உதவவே உதவாது. வேறொரு தொடரை அப்படி முயன்றபோது, ஒருவர் இரண்டு நாளில் முடிக்க, ஒருவர் நான்காவது எபிசோடில் நிற்க, யாரும் யாரோடும் பேச முடியாமல் போயிற்று.

தேய்மானம் எவ்வளவு என்று பார்த்தால், 2020 ஊரடங்கில் காணொளி அழைப்பில் முதலிலிருந்து மறுபடியும் பார்த்தோம். முதல் எபிசோடில், கலைமானின் கொம்பு தொண்டையில் குத்திச் செத்துக் கிடக்கும் தாய் ஓநாயைக் காட்டும் இடத்தில் மதுரை நண்பர் நிறுத்தச் சொன்னார். ஓநாய் ஸ்டார்க் குடும்பத்தின் சின்னம், கலைமான் அரசன் இராபர்ட்டின் குடும்பச் சின்னம். நெட் ஸ்டார்க்கின் சாவு அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. இதைச் சொல்வதற்கு அவர் எட்டு ஆண்டுகள் காத்திருந்திருக்கிறார்.

2022 ஆகஸ்ட் மாதம் முன்கதைத் தொடரான ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ தொடங்கியபோது, அதே திங்கட்கிழமை, அதே ஆறரை மணி, அதே போர்வைகள். இரண்டாவது சீசன் 2024இல் ஜியோசினிமாவுக்கு மாறியதால் இன்னொரு சந்தா கட்ட வேண்டியிருந்தது, கட்டினோம். இதற்கு மூலமான நூல் 2018இலேயே வெளிவந்துவிட்டது. இந்த முறை அதைப் படிப்பதில்லை என்று முடிவெடுத்திருப்பதாக மதுரை நண்பர் சொல்கிறார். அவர் வீட்டு அலமாரியில் அது உறை பிரிக்காமல் இருப்பதை நானே பார்த்தேன். அக்கா நம்பவில்லை, கடையில் உறை போட்டுத் தருவார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.