ரிப்பன் கட்டிய காரும் 500 ரூபாய்ச் சீட்டும்

லண்டனில் பிள்ளைகளின் பள்ளி விழாவுக்குப் போனால் ராஃபிள் என்னும் குலுக்கல் பரிசுச் சீட்டு வாங்காமல் திரும்பியதில்லை. அதே பழக்கத்தில், இந்த முறை தஞ்சாவூரில் ஒரு மண்டப வாசலில் ரிப்பன் கட்டி நின்ற வெள்ளைக் காரைப் பார்த்ததும் பர்ஸைத் திறந்துவிட்டேன். ஏழைகளுக்கு டயாலிசிஸ் மையம் கட்டுகிறார்களாம். சீட்டு 500 ரூபாய், குலுக்கலில் விழுந்தால் கார்.

"இருப்பா, முதல்ல சீட்டைப் படி" என்றார் சித்தப்பா. ரோஸ் நிறத் தாள். மேலே 'நன்கொடைக் கூப்பன்', கீழே ஓர் எண். குலுக்கல் என்றைக்கு, எங்கே, மொத்தம் எத்தனை சீட்டு, எதுவுமே இல்லை. அறக்கட்டளையின் பதிவு எண்ணும் இல்லை. மேசையில் இருந்த பையனிடம் கேட்டேன். "லாட்டரி இல்லண்ணா, டொனேஷன்தான்" என்றான்.

காசு வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்து, குலுக்கலில் பரிசு தந்தால் அது லாட்டரிதான். 1968இல் 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று அரசே பரிசுச் சீட்டு விற்ற மாநிலம் இது. 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிக்கும் தடை வந்தது. அன்றன்றைய கூலியைச் சுரண்டல் சீட்டில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்தவன் நான். அந்தத் தடை நல்லதற்குத்தான். அரசு அனுமதி இல்லாத லாட்டரிக் குலுக்கலுக்கு இடம் நடத்தினால், இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 297ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு.

கேரளத்தில் அரசு லாட்டரி இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே விழுந்தாலும் 30 சதவீதம் வரி. அதற்கு மேல், லாட்டரியில் வென்ற பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப, அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் விதிகளில் இடமே இல்லை.

சரி, சீட்டு வேண்டாம், நேரடியாகவே கொடுப்போம் என்று மறுநாள் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனேன். கணக்கர் அம்மா கேட்ட முதல் கேள்வி: "சார், எந்த நாட்டு பாஸ்போர்ட்?" பிரிட்டிஷ் என்றதும் ரசீதுப் புத்தகத்தை மூடிவிட்டார். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடையாம். நான் ரூபாய் நோட்டாக நீட்டினாலும் அப்படித்தான். அந்தப் பணம், வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவின்படி டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் இல்லத்துக்கு இருக்கும் கணக்குக்கு மட்டுமே வர வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

"சித்தப்பா பேரில் எழுதிக்கோங்களேன்" என்றேன். "அது தப்பு சார்" என்று சொல்லி, கணக்கு எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்தார். அப்புறம் லண்டன் திரும்பி, அந்தக் கணக்குக்கே அனுப்பினேன். நான்காம் நாள் ரசீது வந்தது, பதிவு எண்ணோடு.